கையிருப்பு முப்பத்தேழு பவுண்டு

கடலுக்குள் நட்ட காற்றாலைகள்
கரையிலிருந்து பார்த்தால் குண்டூசிகள்.
அவை சுற்றிச் சம்பாதித்ததில் ஒரு சிட்டிகை
எங்கள் பகுதிக்கு என்று ஒதுக்கினார்கள்.
விண்ணப்பம் எழுதியது நான்.
நான் டீச்சர் இல்லை.
பகலில் மீன் தொழிற்சாலை, மாலையில் சங்கத்தின் பொருளாளர்.
ரசீதைக் கிழியாமல் ஒட்டத் தெரியும், அவ்வளவுதான்.

கிரிம்ஸ்பியில் முன்பு பிங்கோ ஆடிய கூடம் அது.
சுவரில் தொண்ணூறு எண்களும்
விளக்கணைந்து நிற்கின்றன.
செவ்வாய், வியாழன், ஆறிலிருந்து எட்டு.
பத்தொன்பது பிள்ளைகள், கட்டணம் கிடையாது.

"ஏன் சும்மா சொல்லித் தர்றீங்க,
எங்ககிட்ட என்ன எடுத்துக்கப் போறீங்க?"
முதல் நாளே கேட்டவன் ஜெத்ரோ.
கையெழுத்து மட்டும் என்று பதிவேட்டை நீட்டினேன்.
'டென்மார்க் இளவரசன்' என்று எழுதினான்.
இரண்டாம் வாரமும் அதே.
மூன்றாம் வாரம், யாரும் கேட்காமல்,
தன் சொந்தப் பெயரை
எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினான்.
இதைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் போடுவது?

கணக்கு சொல்லித் தருபவள் அகட்டா.
க்டான்ஸ்க்கில் கப்பல் கட்டப் படித்தவள்,
வயது இருபத்தாறு,
பகலெல்லாம் என் எதிரில் நின்று
ஹேடாக் மீனைத் தரம் பிரிக்கிறாள்.
நாலு மணி நேரம் என்று எழுதிக் கொடுப்பாள்,
ஆறு மணி நேரம் இருப்பாள்.
எலுமிச்சை தேய்த்தாலும் கையில் மீன் நாற்றம் போகாது;
இந்த ஊரில் யாருக்கும் அது நாற்றமே இல்லை.

ஷெல்பி,
'எனக்குக் கணக்கு வராது' என்பதைத்
தன் முகவரி போலச் சொல்கிறவள்.
ஒரு வியாழக்கிழமை அகட்டா கேட்டாள்:
உங்கள் வீட்டு மின்மீட்டரில் இப்போது எவ்வளவு?
"நாலு பவுண்டு இருபது.
ஹீட்டர் போடலைன்னா சனிக்கிழமை மதியம் வரைக்கும்.
தம்பி வெந்நீரில் குளிச்சான்னா வெள்ளி ராத்திரி."
யோசிக்கவே இல்லை, மூச்சு விடுவது மாதிரி சொன்னாள்.
அகட்டா தாளைத் திருப்பி
இரண்டு வரி எழுதினாள்,
ஹீட்டருக்கு எக்ஸ், தம்பிக்கு ஒய்.
இதைத்தான் தேர்வில் கேட்கிறார்கள் என்றாள்.
ஷெல்பிக்குச் சிரிப்பு வரவில்லை.
"அப்போ இத்தனை வருஷம்
யாரும் ஏன் சொல்லலை?"
என்று மேசையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.
டீ கொட்டியது.

பயனாளிகளிடம் ஏற்பட்ட மாற்றம்,
இருநூற்றைம்பது சொற்களுக்குள், என்கிறது படிவம்.
ஒரு கோபத்துக்கு எத்தனை சொல் ஆகும்?
'தன்னம்பிக்கை கூடியுள்ளது' என்று எழுதினேன்.
பொய் இல்லை.
துள்ளும் மீனை டின்னில் அடைத்த மாதிரி
ஒரு உண்மை.

மே மாதம்.
கையிருப்பு முப்பத்தேழு பவுண்டு அறுபது பென்ஸ்.
செலவாகாத தொகையைத் திருப்பித் தர வேண்டும்,
நிபந்தனை ஒன்பது.
பிஸ்கட் வாங்கித் தீர்த்துவிடலாம் என்றிருந்தேன்.

கணக்குத் தேர்வு அன்று, காலை ஏழே முக்கால்,
ஜெத்ரோவின் போன்.
அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு
லவுத் பக்கம் ஏதோ ஒரு கேரவனில்
அப்பாவிடம் போய்ப் படுத்திருந்தான்.
பேருந்து வரவில்லை.
"பரவாயில்லை, சொல்லிடலாம்னுதான் கூப்பிட்டேன்" என்றான்.
அந்தப் பரவாயில்லையை
எனக்கு நன்றாகத் தெரியும்,
பதினாறு வயதில் நானும் சொல்லியிருக்கிறேன்.
அங்கேயே நில், நகராதே என்றேன்.

டாக்சிக்கு முப்பத்தாறு.
மீதி ஒன்று அறுபதுக்கு
பள்ளி வாசலில் ஒரு கறுப்புப் பேனா,
அதுவும் அவனிடம் இல்லை.

தேறினானா தெரியாது.
முடிவு ஆகஸ்டில்தான் வரும்,
அறிக்கையோ ஜூனில் போயாக வேண்டும்.
போக்குவரத்துச் செலவுக்கு அனுமதி இல்லை,
நிபந்தனை பதினொன்று.
ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்:
கற்றல் உபகரணங்கள், இரண்டு.
ரசீதுகள் இணைக்கப்பட்டுள்ளன.
ஒன்றில் பேனா என்று இருக்கிறது.
மற்றொன்றில், மறைக்க எதுவும் இல்லை,
தெளிவாகவே அச்சாகியிருக்கிறது
நான்கு பேர் அமரும் வாகனம் என்று.